தாட்சாயணி போகாத ஞாயிறு

போன ஞாயிறு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கோவர்த்தனனாகிய நான், என் மனைவி வசந்தா, எங்கள் மகள் பிரித்திகா, மாப்பிள்ளை வீட்டிலிருந்து தணிகைவேல், அவர் மனைவி கமலம்மா, பையன் சாய்குமார். பிறகு என் தங்கை தாட்சாயணி. அவளைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அவள் கூடத்துக்கு வந்திருக்கவே கூடாது. வேறு யாரும் இல்லை. ‘நானும் அங்கே இருந்தேன்’ என்று எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில் கதை சொல்லித் திரிகிறவர்கள் எவரும் அன்று என் வாசற்படியை மிதிக்கவில்லை.

நல்ல சம்பந்தம். தணிகைவேலுக்குத் திருமலையில் பிரசாதம் கொடுக்கும் இடத்தில் வேலை. பையன் ஸ்ரீசிட்டியில் கம்பெனி உத்தியோகம். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டில் பேச்சைத் தொடங்குமுன், மலையிலிருந்து கொண்டுவந்த லட்டைப் பெரியவர் பிட்டு, அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தன் கையால் கொடுப்பார். எல்லோரும் வாயில் போட்ட பிறகுதான் பேச்சு. தரகர் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். கேட்ட நாள் முதல் எனக்குத் தாட்சாயணியைப் பற்றிய யோசனைதான்.

தாட்சாயணியின் புருஷன் ஈரல் கெட்டுத் திருப்பதியில் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். வயிறு வீங்கி, நாற்றம் எடுத்ததும் அவர் வீட்டு ஜனங்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நான் கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நேரம். செல்வி என்று ஒருத்தி, ஏதோ ஒரு கிறிஸ்தவ சபையிலிருந்து வார்டுக்கு வருகிறவள், முகம் சுளிக்காமல் அவருக்குத் துணி மாற்றி நகம் வெட்டிவிட்டுப் போவாளாம். அவர் போன பிறகு என் வீட்டோடு வந்துவிட்ட தாட்சாயணி, அந்தச் செல்வியைத் தேடிக்கொண்டு சபைக்குப் போனாள்.

“கும்புடப் போவலண்ணா. சண்ட போடத்தான் போனேன். இப்பிடி ஒருத்திய அனுப்பத் தெரிஞ்ச சாமிக்கு அந்த மனுஷன எழுப்பத் தெரிலியான்னு கேக்கப் போனேன்” என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

பதில் கிடைக்கவில்லையாம். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் செல்விக்குக் காய்ச்சல். ஆள் குறைகிறது என்று இவளை வார்டுக்குக் கூட்டிப்போனார்கள். யாருமற்ற ஒரு கிழவிக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, தன் வாய் முணுமுணுப்பது ஜெபம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்ததாம். அதற்குப் பிறகு போன வாரம்வரை ஒரு ஞாயிறும் அவள் தவறவிட்டதில்லை. திருப்பதியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறாள் என்று ஊருக்குச் சொல்லிவைத்திருந்தோம்.

போன மாதம் பக்கத்து ஊரில் ஜெபக்காரர்களின் வேனை மறித்துக் கண்ணாடியை உடைத்தார்கள். இறக்கி நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படம் என் போனுக்கும் வந்தது. பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை. பார்த்து முடித்ததும் அதை அழித்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முந்தின நாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். “நாளைக்கு நீ எங்கியும் போவாத. ஒருவேள உன்னக் கேட்டாங்கன்னா நீ வீட்ல இருக்கணும். ஆனா பின்னாடியே இரு.”

“செரிண்ணா.”

“கூப்ட்டுக் குடுத்தா வாங்கி வாயில போட்டுக்க. ஒரு துண்டுதான.”

“வாங்கிக்கிறேன். துன்ன மாட்டேன்.”

“முந்தானியில முடிஞ்சிக்க. எவன் பாக்கப் போறான்?”

“அப்பிடி ஏமாத்துனா ரெண்டு சாமிக்கும் ஆவாதுண்ணா” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தணிகைவேல் லட்டைப் பிட்டபோது கூடம் முழுக்க நெய் வாசனை. எனக்குக் கொடுத்தார். வசந்தாவுக்கு. பிரித்திகாவுக்கு. பின்கட்டில் ஏதோ பாத்திரம் உருண்டது.

“உள்ள யாரோ கீறாங்க போல?” என்றார்.

“என் தங்கச்சி. புருஷன் இல்லாதவ. நல்ல காரியத்துல முன்ன வரமாட்டா” என்றேன். இந்தப் பதிலை நான் பல நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“அதெல்லாம் எந்தக் காலம்ணா? எங்கூட்ல நாங்க பாக்கறதில்ல” என்றாள் கமலம்மா. அதோடு விடாமல், “வதினா, இட்ரா!” என்று தெலுங்கில், அண்ணியை இங்கே வா என்று கூப்பிடுகிற உரிமையோடு குரல் கொடுத்தாள். நல்ல மனசு உள்ளவள். அந்த நிமிஷம் அந்த நல்ல மனசை நான் சபித்தேன்.

தாட்சாயணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டாள். அப்படியே நின்றாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

“உங்கள எங்கியோ பாத்துருக்கறேனே” என்றாள் கமலம்மா. “ஆ, திருப்பதி ஆஸ்பத்திரி! எங்க அக்கா படுத்துக்கினு இருந்தப்போ. அவ வாந்தி எடுக்கறப்போ பேசின் புடிச்சிக்கினு நின்னீங்களே?”

“ஆமா, அங்க வேலைக்குப் போறா. ஆயா வேல” என்று நான் முந்திக்கொண்டேன்.

வசந்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எங்கள் வம்சத்தில் ஒரு பெண்ணும் அடுத்தவர் எச்சிலைக் கூலிக்கு எடுத்ததில்லை. அப்படி எடுக்கிறாள் என்று நானே சொன்னேன். உண்மை அதைவிடப் பயமாக இருந்தது.

“கூலிக்குப் போவலம்மா” என்றாள் தாட்சாயணி. “ஏசப்பாவுக்காகப் போறேன். மன்னிச்சிக்கங்க, இத நான் துன்ன மாட்டேன். கீழயும் போட மாட்டேன். யாருகிட்ட குடுக்கட்டும்?”

தணிகைவேல் முதலில் பார்த்தது அவளை அல்ல, திறந்திருந்த வாசற்கதவை. “கதவ சாத்துங்க” என்றார் தாழ்ந்த குரலில். சாய்குமார் எழுந்து சாத்தினான். “நான் மலைமேல வேல செய்றவன். வேற மதத்துல சம்பந்தம்னு நாளைக்கு எவனாவது ஒரு போட்டோ போட்டா…” அவருடைய கோபத்துக்கு நான் பதில் வைத்திருந்தேன். அவருடைய பயத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

கமலம்மா எழுந்துவந்தாள். தாட்சாயணியின் உள்ளங்கையிலிருந்த துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். “போன் பண்றோம்” என்று தணிகைவேல் மட்டும் சொன்னார். தட்டிலிருந்த பூவைத் தொடாமல் போனார்கள்.

பிரித்திகா அழவில்லை. “ஒரு வாய், அத்தே. எனக்காக ஒரு வாய் துன்னிருக்கக் கூடாதா?” என்றாள். தாட்சாயணி அவள் தலையைத் தொடப் போனாள். அவள் விலகிக்கொண்டாள்.

போன் வரவில்லை. இன்று மறுபடியும் ஞாயிறு. காலையில் தாட்சாயணி பையோடு கிளம்பி நின்றாள். நான் வண்டியை வெளியே எடுத்தேன்.

“நீ எதுக்குண்ணா?”

“ஏறு.”

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துப் பால் சென்டரில் நின்றிருந்த பையன்களில் ஒருவன் எங்களைப் பார்த்ததும் போனைத் தூக்கிப் பிடித்தான். அவள் கை என் தோளை இறுக்கியது. வேகமாகப் போய்விடலாம் என்று தோன்றியது. மெதுவாகவே ஓட்டினேன். நிறுத்தத்தில் நின்றிருந்த திருப்பதி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பஸ் நகரும்போது அந்தப் பையன்களில் இரண்டு பேர் ஓடிவந்து பின்படியில் தொற்றினார்கள். அவளைக் கத்திக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது. புழுதி அடங்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

கோவர்த்தனன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்திப் பஸ் ஏற்றிவிட்டான் என்று மத்தியானத்துக்குள் ஊரில் பேச்சு. துரத்தவில்லை. கொண்டுபோய் விட்டேன். சாயங்காலம் அழைத்துவர நான்தான் போகிறேன்.