அடியில் ஒன்றும் இல்லை

மேஸ்திரிக்கும் அவளுக்கும் ஒன்பது வருஷப் பழக்கம். எல்லாம் போனோடு சரி, நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

அவர் தண்ணீர்க் குழாய் பதிப்பவர். எங்கே பள்ளம் வெட்டுவதானாலும் முதலில் நகராட்சியின் வரைபடப் பிரிவைக் கூப்பிட்டு, தெருவையும் கதவு எண்ணையும் சொல்வார். அவள் கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து, அந்த மண்ணுக்கு அடியில் மின்கேபிள் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்வாள். ஆபீஸில் எல்லோருக்கும் அவள் மேப் மேடம். மேஸ்திரிக்கு மட்டும் தங்கச்சி.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் போன் வந்துவிட்டது.

"தங்கச்சி, பள்ளிக்கூடத்துச் சுவரோரம், பதினேழாம் நம்பர் வீட்டுக்கு எதிர்ல. மெயின் குழாய் வெடிச்சு தெருவே குளமாக் கிடக்கு. சீக்கிரம் பாத்துச் சொல்லு."

மேப்பைத் திறந்தாள். தெருக்கள் வந்தன, வீடுகள் வந்தன, பள்ளிக்கூடம் வந்தது. கேபிளைக் காட்டும் சிவப்புக் கோடுகள் மட்டும் வரவில்லை. இடதுபக்க லேயர் பட்டியலில் 'கேபிள்' என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி நின்றது.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. மேப் சரியா ஏறல. நானே கூப்பிடறேன்."

மூடித் திறந்தாள். அதே குறி. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். பழைய மெஷின், எழுந்து நிற்பதற்கே எட்டு நிமிஷம் எடுத்துக்கொண்டது. அப்புறமும் அதே குறி. அதற்குள் மேஸ்திரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது தடவை அவள் ரிசீவரை எடுத்தபோது இன்ஜினியர் உள்ளே வந்தார். காலையிலிருந்து மேலிடத்துப் போன்களாக வாங்கி அவருக்கு முகமெல்லாம் கடுகடுவென்றிருந்தது.

"என்னம்மா இன்னும்?" திரையை எட்டிப் பார்த்தார். "அதான் தெரியுதே. அந்த இடத்துல ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லன்னு இல்ல சார். கேபிள் லேயரே வரல. ஊர் முழுக்கப் பாருங்க, ஒரு கோடுகூட இல்ல. நம்ம ஆபீஸ் வாசல்லகூட இல்ல."

"அந்தத் தெரு எனக்குத் தெரியாதா? கேபிள் எதிர்ச்சாரியில போகுது." அவள் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். "மேஸ்திரி, அடியில ஒண்ணும் இல்ல. வெட்டுங்க."

வைத்துவிட்டுப் போய்விட்டார். மணி ஒன்பது நாற்பத்து நாலு.

மேஸ்திரியின் நம்பர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருந்தது. 'இன்ஜினியர் சொன்னதை நம்பாதீங்க அண்ணே' என்று எப்படிச் சொல்வது? ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம், சிவப்புக் கோடு வந்தபிறகே கூப்பிடலாம் என்று அவள் நினைத்தாள். மவுஸைப் பிடித்தாள்.

ஆச்சரியக்குறியை அழுத்தியதும், கேபிள் கோப்பு இருந்த இடத்தில் இல்லை என்று வந்தது. சர்வர் அறையைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமையே எல்லாத்தையும் புது சர்வருக்கு மாத்திட்டோமே மேடம். உங்க இன்ஜினியருக்கு மெயில் போட்டோமே, பாக்கலையா?"

புது முகவரியைக் கேட்டு எழுதி, கோப்பைத் தேடிப் பிடித்து லேயரோடு இணைத்தாள். குறி மறைந்தது. கோடுகள் வந்தன, ஆனால் ஊருக்குள் இல்லை. மேப்பின் ஒரு மூலையில், வெட்டவெளியில், கொசு நசுங்கினாற்போல் ஒரே புள்ளியாகக் குவிந்து கிடந்தன. மாற்றும்போது கோப்பின் அளவுமுறைக் குறிப்பு விட்டுப்போயிருந்தது. அது இல்லாவிட்டால் எந்தக் கோடு எந்த இடத்தில் விழவேண்டும் என்று புரோகிராமுக்குத் தெரியாது. பழைய குறிப்பைத் தேடினாள். விரல்கள் வேறு எழுத்துகளில் போய் விழுந்தன. இரண்டு தடவை தவறாகப் போட்டு, மூன்றாவதில் கோடுகள் எல்லாம் தெருக்களின் மேல் வந்து உட்கார்ந்தன.

பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி, பதினேழாம் நம்பருக்கு நேர் எதிரே, தடித்த சிவப்புக் கோடு. உயர் மின்னழுத்தம்.

பத்து மணி பத்து நிமிஷம். கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள். பின்னால் ஒரே கூச்சல்.

"மேஸ்திரிகிட்ட குடுங்க, அவசரம்."

"அவர் பேச மாட்டாரும்மா," என்றான் அந்த ஆள். அப்புறம் ஒரு விசும்பல். "பேச மாட்டாரு."

நடந்ததை மறுநாள் கூலியாட்கள் சொன்னார்கள். மேஸ்திரி பள்ளம் வெட்டும் எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். "தங்கச்சி பொறுங்கன்னுச்சு, இன்ஜினியர் வெட்டுன்னாரு. ரெண்டு பேச்சா இருக்கு. யாரும் இறங்காதீங்க, நான் மெதுவாப் பாக்கிறேன்" என்று சொல்லி, கடப்பாரையோடு அவர் மட்டும் ஈரமண்ணில் இறங்கியிருக்கிறார்.

விபத்து நடந்த அன்று பிற்பகலே இன்ஜினியர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். குரல் தணிந்திருந்தது.

"காலையில மேப்ல அந்த இடத்துல ஒண்ணும் இல்லதானே? அதை அப்படியே எழுதிக் குடு. இதுல பொய் ஏதாவது இருக்கா?"

அவள் வெள்ளைத்தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினாள். புருஷன் வாங்கிப் படித்தார்.

"செத்தவர் திரும்பி வரப்போறதில்ல. நம்ம சோத்துல நாமே ஏன் மண்ணள்ளிப் போட்டுக்கணும்?" கடைசிப் பத்தியில் அவர் விரல் நின்றது. "சரி, அவர் பண்ணதை எழுது. இதை எதுக்கு எழுதுறே? 'சார் போனை வெச்ச பிறகு நம்பர் என்கிட்டதான் இருந்தது, இருபத்தாறு நிமிஷம் நான் கூப்பிடல'ன்னு. இதை யாரும் கேக்கலையே?"

"கேட்டதுக்கு மட்டும் எழுத இது என்ன பரீட்சையா?"

அவர் காகிதங்களை மடித்து அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அதன்பின் பல நாள் இரண்டு பேருக்கும் தேவைக்கு மேல் பேச்சில்லை.

விசாரணை நாலு மாதம் இழுத்தது. இன்ஜினியரைச் சஸ்பெண்ட் செய்து, அப்புறம் அதே பதவியில் வேறு ஆபீஸுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. கூடவே தபால் பிரிவுக்கு மாற்றல்.

விசாரணை முடிவைப் படித்துச் சொன்ன அன்று, ஆபீஸ் நடையில் ஒரு பெண் அவளை வழிமறித்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் அந்த மூன்று பக்கங்களின் நகல்.

"தங்கச்சின்னு அவர் சொல்றது உங்களைத்தானே?"

"ஆமா அண்ணி."

"கேக்காம கொள்ளாம வெட்டிட்டார்னு அவர் மேலயே பழியைப் போடப் பாத்தாங்க. நீங்க எழுதினதாலதான் அது நிக்கல. அதுக்குக் கும்பிடறேன்." நிஜமாகவே கும்பிட்டாள். "ஆனா அந்த இருபத்தாறு நிமிஷம்... தினம் அதைத்தான் எண்ணிட்டிருக்கேன். என்னால முடியல. நீங்க ஆறுதல் சொல்ல வீட்டுப்பக்கம் வந்துடாதீங்க."

"வரமாட்டேன் அண்ணி."

அந்தப் பெண் முன்வாசல் படியில் போய் உட்கார்ந்து காகிதங்களைப் பையில் வைத்தாள். அவளைத் தாண்டிப் போகாமல் இவள் பின்பக்கப் படியில் இறங்கித் தெருவுக்கு வந்தாள்.