குழாய்க்கு முன்பே இருந்த கோடு

சலூன்காரர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாதத் தாடி. நாற்பது வருடம் ஊரார் கன்னத்தையெல்லாம் வழவழவென்று ஆக்கியவருக்கு அந்தத் தாடி கொஞ்சமும் பொருந்தவில்லை. அறுவைச் சிகிச்சை டாக்டரம்மா உள்ளே வந்தபோதும் அவர் கை நிற்கவில்லை.

"நான் கிளம்பறேன் டாக்டரம்மா. கடைச் சாவியை மருமகன்கிட்ட குடுத்துட்டேன். இனிமே நாற்காலி, கத்தி, கண்ணாடி எல்லாம் அவன் பாடு."

"யாரு உங்களைக் கிளம்பச் சொன்னது?"

"அந்த ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களே. ஈரல்ல புத்துநோயாம். பாதி ஈரலை வெட்டி எடுத்தாலும் ஒரு வருஷம் தாண்டறது கஷ்டம்னு இழுத்தாங்க. வெட்டுப்பட்டுப் போறதுக்கு முழுசாவே போயிடறேன்."

ஜன்னலோரம் அவருடைய மனைவி துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். இங்கே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று கணவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தவளே அந்த அம்மாதான்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் அல்ல, அந்தக் கட்டி மேல். ஐந்து மாதத்துக்கு முன் நடுங்கும் காய்ச்சலோடு வந்தார். ஈரலின் இடப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சீழ். அவளே குழாய் போட்டு வடித்து, மருந்து கொடுத்து, சிரித்த முகமாக வீட்டுக்கு அனுப்பினாள். ஆறே வாரத்தில் திரும்பி வந்தார். மறுபடி குழாய், மறுபடி மருந்து. மூன்றாம் முறை காய்ச்சல் வந்தபோது அவள் விடுப்பில் இருந்தாள். அவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே எடுத்த படத்தில் சீழ் குறைவு, தடித்த சுவரோடு ஒரு முரட்டுக் கட்டி. புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

எழுதினவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படித் தோற்றம் காட்டும் புற்றும் உண்டு. ஆனாலும் இரண்டு முறை சீழ் வைத்த அதே இடத்தில் மூன்றாம் முறை புற்று வந்து குடியேறியது என்றால் அவள் மனம் ஒப்பவில்லை. சீழ் தானாக வராது, ஏதோ ஒன்று கொண்டுவந்து போட வேண்டும். அந்த ஏதோ ஒன்று இரண்டு முறை அவளுக்குத் தண்ணி காட்டியிருக்கிறது.

"ஒரு மணி நேரம் குடுங்க. அதுக்குள்ள கிளம்பினீங்கன்னா உங்க தாடியை நானே வழிச்சுடுவேன்."

"வயித்துக்குத்தான் உங்க கை. கன்னம் வேற தொழில்," என்றார் சலூன்காரர். ஆனாலும் பொத்தானை விட்டுவிட்டார்.

ஸ்கேன் அறையில் படம் பார்க்கும் டாக்டர் அப்போதுதான் டீயை வாயில் வைத்தார். எல்லோருக்கும் அவர் படக்காரர். மூன்று படங்களையும் வரிசையாகத் திரையில் போடச் சொன்னாள். படக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்தப் புதுப் படத்துல கட்டி ஓரமா ஒரு வெள்ளைக் கோடு இருக்கு. பழைய குழாய் போன தடத்துல சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னு எழுதியிருக்காங்க. சரிதான். ரெண்டாவது படத்துலயும் இருக்கு. அது அப்ப உள்ள இருந்த உங்க குழாயோட நுனி. நான்தான் அப்படி எழுதினேன், நீங்களும் ஒத்துக்கிட்டீங்க."

"முதல் படத்துல?"

"முதல் படத்துல எதுக்குப் பார்க்கணும்? அப்ப குழாயே போடலையே."

"அதான் கேக்கறேன்."

படக்காரர் முதல் படத்தை, வயிற்றைச் சீவிச் சீவிக் காட்டும் ஒவ்வொரு வெட்டாக நகர்த்தினார். சீழ்க் குளம் பெரிதாக இருந்ததால் அன்றைக்கு யார் கண்ணும் அதைத் தாண்டிப் போகவில்லை. குளத்தின் கரையில், இரைப்பையை ஒட்டினாற்போல, இரண்டே வெட்டுகளில் ஒரு வெள்ளைக் கோடு. அளந்தார்கள். மூன்று சென்டிமீட்டர். படம் எடுத்த நேரம் காலை எட்டு. அவள் குழாய் போட்டது அன்றைக்குப் பதினொன்றுக்கு.

படக்காரர் டீயைக் கீழே வைத்தார். "போடாத குழாய்க்கு நுனி இருக்கு."

"அதையும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றாள் டாக்டரம்மா. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

விறுவிறுவென்று வார்டுக்குத் திரும்பி, சலூன்காரரை வாயைத் திறக்கச் சொன்னாள். மேல் வரிசை முழுக்கப் பல் செட், அண்ணத்தையே மூடிக்கொண்டு.

"இது எப்ப வச்சது?"

"ஏழெட்டு மாசம் இருக்கும்."

"மீன் சாப்பிடுவீங்களா?"

பதில் மனைவியிடமிருந்து வந்தது. "தினம் கேப்பாரு. செட் வச்சதுலேர்ந்து முள்ளு இருந்தாலும் தெரியாதுன்னு நான்தான் எடுத்துக் குடுக்கறேன். என் கையைத் தாண்டி ஒரு முள்ளு போகாதும்மா."

சலூன்காரர் கூரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னாள். உள்ளே ஒரு முள் இரைப்பையைத் துளைத்து ஈரலில் குத்தி நிற்கிறது என்பது அவள் கணக்கு. முள்ளாக இருந்தால் ஒன்றரை மணி நேர வேலை. முள் இல்லாமல் புற்றாக இருந்து, அதைக் கீறிவிட்டால் வயிறு முழுக்கப் பரவும், சொன்ன ஒரு வருடமும் மிஞ்சாது.

"உங்களுக்கு என்ன தோணுது?" என்றார் அவர்.

"முள்ளு."

"கை நடுங்காம சொல்றீங்க. அப்ப வைங்க கத்தியை."

மறுநாள் காலை தள்ளுவண்டியில் அவரை உள்ளே கொண்டுபோகும்போது அவர் அவள் அங்கியைப் பிடித்து இழுத்தார். "ஒரே ஒரு நாள் எனக்கும் அவளுக்கும் சண்டை டாக்டரம்மா. முள்ளை நீங்களே எடுத்துத் தின்னுங்கன்னு மீன் தட்டை வச்சிட்டு எழுந்து போயிட்டா. அவளுக்கு அது ஞாபகமே இருக்காது. இருக்கவும் வேணாம்."

வயிற்றைத் திறந்தபோது இரைப்பையும் ஈரலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவள் அவசரப்படவில்லை. விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். கட்டிச் சுவரில் ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனை அறைக்கு உடனே அனுப்பினாள். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க, சீழைத் தனியாக, மருந்து ஊற்றாத வெறும் குப்பியில் எடுத்தாள். அப்புறம் விரலில் சுருக்கென்று பட்டது. இடுக்கியால் பிடித்து, போன வழியிலேயே நேராக இழுத்தாள். பழுப்பு நிறத்தில், ஊசி போல, மீன் முள். மயக்க டாக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். இருபதாவது நிமிடம் பரிசோதனை அறையிலிருந்து போன் வந்தது. வெறும் அழற்சி, புற்று இல்லை. அவள் இரைப்பையில் இரண்டு தையல் போட்டு, சீழ்ப்பையைக் கழுவி, ரத்தம் ஒற்றிய துணிகள் ஒன்றும் உள்ளே தங்கவில்லையே என்று எண்ணச் சொல்லி வயிற்றை மூடினாள். ஈரல் முழுசாக இருந்தது.

நான்காம் நாள் காய்ச்சல் இல்லை. டாக்டரம்மா சின்னப் புட்டியோடு வார்டுக்குப் போனாள்.

"முதல் நாள் படத்துலயே இருந்திருக்கு. நான் பார்க்கல. அஞ்சு மாசம் உங்களை அலைக்கழிச்சது என் தப்பு," என்றாள்.

"போனா போகுது. நானும் ரெண்டு மூணு காதை வெட்டியிருக்கேன்."

மனைவி சிரிக்கவில்லை. புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது. அந்த நாள் அந்த அம்மாவுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"டாக்டரம்மா, இது வீட்டு மீனா வெளி மீனான்னு பார்த்தா தெரியுமா?" புட்டியை இன்னொரு பக்கம் திருப்பினாள். "ஒரு நாள் கோவத்துல நான்..."

சலூன்காரர் தாடிக்குள்ளிருந்து டாக்டரம்மாவையே பார்த்தார்.

எந்த மீனின் முள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று நோயாளியிடம் இதுவரை அவள் சொன்னதில்லை.

"தெரியுமே," என்றாள் உறுதியாக. "ஓட்டல் மீன். வீட்டு மீன் முள்ளு இப்படி இருக்காது."

அந்த அம்மா புட்டியை மேசைமேல் வைத்தாள். மூச்சு வந்தது. அப்புறம் குரலும் வந்தது.

"எனக்குத் தெரியாம ஓட்டலுக்கு வேற போறீங்களா? எத்தனை நாளா? நான் குந்திக்குந்தி முள்ளு எடுக்கறேன், நீங்க வெளியில போய் வாயை நனைச்சுட்டு வர்றீங்க?"

"தப்புதான்," என்றார் சலூன்காரர். தலையைக் குனிந்து, ஒன்று விடாமல் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். நடுவில் மனைவி மூச்சு வாங்க நிறுத்தியபோது கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"மருமகனை என் கத்தியையும் சாவியையும் எடுத்துட்டு வரச் சொல்லு."