மூடக் கூடாத ஓட்டை

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டில், உரக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு நிற்கிற லேப்டாப் சர்வீஸ் கடை செந்தமிழ்ச்செல்வியுடையது. இத்தனை நீளப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஊருக்கெல்லாம் அவள் செல்வி அக்கா. பதினோரு வருடத் தொழில். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. "நான் மாட்டின டிஸ்க் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அது பொய்யும் இல்லை. அந்த ஒரு பெருமையை மட்டும் யாரும் தொட்டுப் பார்க்கக் கூடாது.

ஆயுத பூசையன்று காலையில் கடையைக் கழுவிவிட்டு மாவிலை கட்டிக்கொண்டிருந்தபோது தேவதர்ஷினி வந்து நின்றாள். நைனார்பாளையத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டக் கூலிக்குப் போகிறவர்கள். இவள் படித்து முடித்துவிட்டு, கல்வராயன் மலையில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் வேலை பார்க்கிறாள். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரில் முப்பத்தொரு குடும்பம், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து தாங்கள் உழுகிற நிலத்துக்குப் பட்டா கேட்கப் போகிறார்கள். ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் காலால் சுற்றி நடந்து, கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியில் புள்ளி புள்ளியாகக் குறித்து, தர்ஷினி வரைபடம் ஆக்கியிருந்தாள். இரண்டு வருட நடை. முள் குத்தாத நாள் கிடையாது. அத்தனையும் அந்த ஒரு லேப்டாப்பில் இருந்தது.

"அக்கா, நேத்துலேந்து உள்ள கரகரன்னு சத்தம் வருதுக்கா. சனிக்கிழம ஊர்க்கூட்டம். ஒவ்வொருத்தர் நிலத்தையும் பெருசா காட்டி, ஊரே பாத்துக் கை தூக்கணும். திங்கக்கிழம பாதிப் பேரு குடகுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிடுவாங்க. அப்பறம் பொங்கலுக்குத்தான் வருவாங்க."

செல்வி லேப்டாப்பைக் காதோடு வைத்துக் கேட்டாள். "டிஸ்க்கு சாவுது. நல்ல வேள, இன்னைக்கே வந்த."

பழையதிலிருந்து புதியதற்கு அப்படியே நகல் எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. நகல் முடிந்து பத்து நிமிடம்கூட இல்லை, பழைய டிஸ்க் ஒரேயடியாக நின்றுவிட்டது. தர்ஷினிக்கு வேர்த்துக் கொட்டியது. செல்வி சிரித்தாள்.

"பாரு. புதுசு ரெண்டரை இஞ்சு, ஏழு மில்லிமீட்டர் தடிமன். உன் பழசு ஒம்போதரை. அப்படியே வெச்சா உள்ள ஆடும். ஆடினா போச்சு. அதுக்குத்தான் இந்த பிளாஸ்டிக் சட்டம்." பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தையும் வடித்தாள். பிறகு டிஸ்க்கின் ஓரங்களை மட்டும் பிடித்து, பின்கள் நேராகப் போய்ச் சேரும்படி மெதுவாகத் தள்ளினாள். "மேல் தகட்டை அமுக்கவே கூடாது. ஒரு டெராபைட்டு. வினாடிக்குத் தொண்ணூறு சுத்து சுத்தும், தெரியுமா?"

அப்புறம் செல்வியின் வழக்கம் ஒன்று இருக்கிறது. மற்ற கடைகளில் ஆயுத பூசைக்கு லேப்டாப்பின் மூடிமேல் பொட்டு வைப்பார்கள். செல்விக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. மாடாக உழைக்கிறவனை விட்டுவிட்டு அவன் சட்டைக்கு மாலை போடுகிறதா என்பாள். அன்றைக்கு மாட்டுகிற டிஸ்க்குக்கு நேரடியாகவே சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பாள். தூள் உதிர்ந்து போர்டில் விழுந்துவிட்டால்? அதற்கும் அவளிடம் வழி உண்டு. பொட்டின்மேல் ஒரு செல்லோ டேப்பை ஒட்டி, கட்டை விரலால் நாலு பக்கமும் அழுத்தித் தேய்த்துவிடுவாள். காற்றுகூடப் புகாது. அன்றும் அப்படியே செய்து, பின்மூடியைப் போட்டு முடுக்கினாள்.

"அக்கா, இன்னொரு காப்பி எடுத்துக் குடுங்கக்கா" என்றாள் தர்ஷினி.

"புது டிஸ்க்குக்கு எதுக்குடி காப்பி? நான் மாட்டினது. போ, போயி வேலையப் பாரு."

வியாழக்கிழமை சாயங்காலம் தர்ஷினி மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். மலையில் லேப்டாப்பைத் திறந்தால் டிஸ்க்கே இல்லை என்று திரையில் வருகிறதாம். செல்விக்கு முகம் சிவந்தது. திரும்பி வந்ததே இல்லை என்ற டிஸ்க் அல்லவா? வாங்கி வைத்துப் பட்டனை அழுத்தினாள். பளிச்சென்று ஓடியது. நிலங்கள் எல்லாம் பச்சைப் பச்சைக் கோடாக வந்து நின்றன.

"இன்னாடி இது? நல்லாத்தானே ஓடுது. பட்டன ஒழுங்கா அமுக்கினியா?"

"அமுக்கினேங்கா. சாமி சத்தியமா ஓடல. ஒரு காப்பியாவது..."

"கடைசி பஸ்ஸு போயிடும், ஓடு. மறுபடி காப்பி கீப்பின்னு வந்த, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போன். தர்ஷினியின் குரல் உடைந்திருந்தது. "மறுபடி வரலக்கா. அம்மாசி பெரியவரு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. எங்க நிலத்தையெல்லாம் எழுதிக்கினு போயி கீழ யாருக்குக் குடுத்த, இப்ப பொட்டி ஓடலன்னு நாடகம் ஆடறியான்னு. ரெண்டு வருஷம் அவங்க வூட்டுச் சோறு தின்னுருக்கேங்கா."

செல்வி தட்டைத் தள்ளி வைத்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. அந்தப் பெண் இரண்டு தடவை வாய்விட்டுக் கேட்ட காப்பி. இரண்டு தடவையும் விரட்டி அடித்தது யார்?

சனிக்கிழமை காலை முதல் பஸ். பையில் ஸ்க்ரூ டிரைவர் செட், நாலு பென் டிரைவ், பூசைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஒரு பொரி பாக்கெட். வெறுங்கையோடு போக வேண்டாமே என்று எடுத்துப் போட்டதுதான். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியது. வளைவு வளைவாகத் திரும்பத் திரும்பக் காதை அடைத்தது. எச்சிலை விழுங்கினால் திறந்தது, அடுத்த வளைவில் மறுபடி அடைத்தது. வெள்ளிமலையில் இறங்கி, ஒரு ஜீப்பில் தொற்றி, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பதினொன்றுக்குக் கூட்டம். கீழே எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வர நேரமில்லை. என்ன செய்தாலும் இங்கேயேதான்.

வகுப்பறையில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டியிருந்தது. எதிரே புரொஜெக்டர். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தவர்தான் அம்மாசி என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. தர்ஷினி மூலையில் நின்றாள். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

செல்வி பட்டனை அழுத்திக் காதை வைத்தாள். டிஸ்க் சுற்றியது. டிக் என்றது. மறுபடி டிக். ஏதோ எட்டிப் பிடிக்கப் பார்த்துப் பிடிக்க முடியாமல் விழுகிற மாதிரி. நாலு தடவை அப்படிச் செய்துவிட்டு அடங்கிப் போனது. கீழே சிங்கம் மாதிரி ஓடிய டிஸ்க்!

கீழே ஓடுகிறது, மேலே ஓடவில்லை. மேலே என்ன இருக்கிறது? குளிரா? இந்தக் குளிரெல்லாம் ஒரு குளிரா. போனை எடுத்து, அந்த டிஸ்க்கின் விவரத்தாளைத் தேடித் திறந்தாள். வேகம், தடிமன், எடை, வெப்பம். கடைசியில் ஒரு வரி: கடல் மட்டத்துக்கு மேலே மூவாயிரம் மீட்டர் உயரம் வரை வேலை செய்யும். அந்த வரியைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். டிஸ்க் என்ன மலையேறி மொட்டை போடவா போகிறது என்று சிரித்துக்கூட இருக்கிறாள். இந்த மலை ஆயிரம் மீட்டர்கூட இருக்காது. அப்படியானால் ஓடத்தானே வேண்டும்?

ஸ்க்ரூ டிரைவரைத் தேடிப் பையில் கைவிட்டபோது பொரி பாக்கெட்தான் முதலில் வந்தது. "இந்தாம்மா, புள்ளைங்களுக்குக் குடு" என்று பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணிடம் நீட்டப் போனவள் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். காலையில் தொளதொளவென்று இருந்த பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் கல் மாதிரி. உள்ளே இருப்பது கள்ளக்குறிச்சிக் காற்று. வெளியே இருப்பது மலைக்காற்று, லேசான காற்று. உள்ளே இருப்பது வெளியே போக வழி இல்லாமல் முட்டுகிறது.

"ஐயோ" என்றாள் செல்வி. "ஐயோ, நான் இன்னா காரியம் பண்ணிட்டேன்!"

ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பின்மூடி வந்தது. டிஸ்க்கின் மேல் தகட்டில் அவள் வைத்த பொட்டு. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன்மேல் ஒட்டிய டேப் நடுவில் பச்சைப்பயறு அளவுக்குக் குமிழாக மேலே எழும்பி நின்றது. டேப்பின் ஓரத்தில் தகட்டில் அச்சடித்த எழுத்து தெரிந்தது. இந்த ஓட்டையை மூடாதீர்கள் என்று ஆங்கிலத்தில். எல்லா டிஸ்க்கிலும் இருக்கிற எழுத்துதான். ஆயிரம் தடவை படித்திருக்கிறாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டாளா? இத்தனை வருடம் பொட்டு வைத்த டிஸ்க்குகள் எதுவும் மலையேறாததால் தப்பித்திருக்கிறாள்.

"இன்னாக்கா?" என்று தர்ஷினி கிட்டே வந்தாள்.

"உள்ள கண்ணாடி மாதிரி ஒரு தட்டு சுத்துது தர்ஷினி. அதப் படிக்கிற முனை அந்தத் தட்டத் தொடறதே இல்ல. தட்டு சுத்தற வேகத்துல கெளம்பற காத்து அதத் தூக்கிப் பிடிச்சிக்கினு இருக்குது. எவ்ளோ ஒசரத்துல தெரியுமா? ஒரு தலமுடியப் பல ஆயிரமாக் கிழிச்சா அதுல ஒரு இழை. அவ்ளோதான். அந்தக் காத்து போயி வர்றதுக்குத்தான் இந்த ஓட்டை. நான் அடைச்சிட்டேன். உள்ள மாட்டிக்கின காத்து இந்த மேல் தகட்டைத் தூக்குது. இந்த ஒசரத்துக்கு ஆறு கிலோ பாரம் இருக்கும். முனையோட அச்சு அந்தத் தகட்டுலதான் முடுக்கியிருக்குது, தகடு தூக்கினா முனை தடம் மாறிப் போவுது."

சொல்லச் சொல்ல அவளுக்கே மயிர்க்கால் குத்திட்டது. இத்தனை வருடமாக எதைக் கையில் எடுத்து எடுத்து மேசையில் வைத்தாள்? இரும்புத் துண்டு என்றல்லவா நினைத்திருந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒன்று, ஓர் ஊரின் காற்றை உள்ளே வைத்துக்கொண்டு, மலையேறினால் மலைக்காற்றை வாங்கி, கீழே இறங்கினால் கீழ்க்காற்றை வாங்கி, மூச்சு விட்டுக்கொண்டே முப்பத்தொரு குடும்பத்து நிலத்தைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. அதன் மூக்கைப் பிடித்தவள் அவள். கும்பிடுகிறேன் என்று பிடித்தாள்.

கைக்குட்டையை விரித்து டிஸ்க்கைத் தலைகீழாகப் பிடித்தாள். ஒரு பொடிகூட ஓட்டைக்குள் போய்விடக் கூடாது. டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். ஸ் என்று ஒரு சத்தம். எறும்பு பெருமூச்சு விட்டால் அவ்வளவுதான் கேட்கும். ஆயுத பூசையன்று சாம்பிராணி போட்ட கடைக்காற்று கல்வராயன் மலையில் கலந்து போயிற்று. சந்தனம் பொறுக்குப் பொறுக்காகக் கைக்குட்டையில் உதிர்ந்தது. மிச்சத்தை ஈரமில்லாத துணியால் ஒற்றி எடுத்தாள். குண்டூசித் தலை அளவு ஓட்டை. அதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவும் இல்லை.

அதற்குள் வகுப்பறை நிறைந்துவிட்டது. வாசலிலும் ஆட்கள். டிஸ்க்கை மறுபடி மாட்டி, மூடியைக்கூடப் போடாமல் பட்டனை அழுத்தினாள். சுற்றும் சத்தம் எழுந்தது. ஒரு டிக். தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது டிக் வரவில்லை. சத்தம் சீராக, தூங்குகிற குழந்தையின் நெஞ்சு மாதிரி ஓடியது. வேட்டியில் வெளிச்சம் விழுந்தது. மலை விரிந்தது. அதன்மேல் முப்பத்தொரு நிலமும் ஒன்று விடாமல் பச்சைக் கோட்டில் வந்து நின்றது.

நாலு பென் டிரைவிலும் முதலில் நகல் எடுத்தாள் செல்வி. பிறகு எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். இப்படி ஒரு வார்த்தை சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை.

"தப்பு என்னோடதுங்க. பொட்டு வைக்கறேன்னு அடைக்கக் கூடாதத நான்தான் அடைச்சிட்டேன். இந்தப் பொண்ணு ரெண்டு வாட்டி காப்பி கேட்டுச்சு. நான்தான் திட்டி அனுப்பினேன். அது மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அம்மாசி அவளைப் பார்க்கவில்லை. எழுந்து போய் வேட்டியின் முன்னால் நின்றார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் கோடுகள் அவர் முதுகின்மேலும் ஓடின. "எம்மவளே, என்னோடது எது?"

தர்ஷினி அதைப் பெரிதாக்கினாள். வேட்டி முழுக்க ஒரே நிலம். "இது அருவி ஓரம் பெரியவரே. இது பலாமரம். இந்த மூலையிலதான் நீங்க கல்லு மேல உக்காந்து எனக்குக் கூழு குடுத்தீங்க."

அவர் கோட்டின்மேல் விரலை வைத்து, மெதுவாக, எல்லை நெடுக நடத்திக்கொண்டு போனார். அருவி ஓரம், பலாமரம், கல். ஒரு சுற்று முடித்து விரல் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது. தப்பு எதுவும் இல்லை. இருநூறு கண் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்கப்பன் சாவறவரைக்கும் இது என் நிலம், இது என் நிலம்னு வாயால சொல்லிக்கினே இருந்தாரு. ஒருத்தனும் நம்பல" என்றார் அம்மாசி. பிறகு தர்ஷினி பக்கம் திரும்பினார். "நானும் உன்ன நம்பல, இல்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் வலது கையை மேலே தூக்கினார். கூட்டத்தில் முதல் கை அது. தூக்கின கையை, கடைசி ஆள் கை தூக்கும்வரை அவர் இறக்கவே இல்லை.