பெட்டியில் இல்லாத ஐஸ்

கார் டிக்கியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கையை விட்டேன். உள்ளே சூடாக இருந்தது. சில்லென்று இருக்க வேண்டிய பெட்டி. ரொட்டி ஒன்றுகூட மிச்சமில்லை.

பந்தய சீசன் வந்தால் எங்களுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. மகளுக்குக் கால்பந்து, மகனுக்கு நீச்சல், இரண்டும் ஊரின் இரண்டு மூலையில். மைதானத்து வாசல் கடைக்காரன் யானை விலை குதிரை விலை சொல்வான். போன சீசனில் அவனுக்குக் கொட்டி அழுதது போதுமென்று, இந்த முறை மகளின் அணிப் பெண்களுடைய அம்மாக்களை நானே கூட்டிப் பேசினேன். ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள், பெண்கள் எல்லோருக்கும் நான் கட்டித் தருகிறேன் என்றேன். கோழியை அவித்துப் பிய்த்து, மயோனைஸ் கலந்து, ரொட்டிக்கு நடுவில் வைப்பேன். மயோனைஸும் என் கைவேலைதான். பச்சை முட்டையையும் எண்ணெயையும் அடித்தால் முடிந்தது. எலுமிச்சை விற்கிற விலைக்கு அதைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டேன். ஐஸுக்கும் செலவில்லை. தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து ரொட்டியைச் சுற்றி அடுக்கிவிடுவேன். சாப்பாடும் கெடாது, உருகினால் குடிக்கவும் ஆகும். என்னைப் போல் யாருக்கு வரும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்ட ஏற்பாடு அது.

அன்று மகனோடு நீச்சல் குளத்துக்குப் போனது நான். மகளும் பெட்டியும் அவள் அப்பாவோடு. மகனை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து, இறுதி ஆட்டத்துக்கு ஓடி வந்திருந்தேன். அவர் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஐஸ் பாட்டில் எல்லாம் எங்கங்க?"

"காலையில கோல்கீப்பர் பொண்ணுக்குக் கால் பிசகிடுச்சு. வீக்கம் ஏறிக்கிட்டே போச்சு. எல்லாத்தையும் எடுத்து வெச்சுக் கட்டினோம்." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "குடிக்கிற தண்ணிதானேன்னு நெனச்சேன்."

"காலையிலேர்ந்து வெயில்ல நிக்குது இந்தக் கார்! அது பச்சை முட்டைங்க! ஊரான் வீட்டுப் பிள்ளைங்க அத்தனை பேரும் தின்னிருக்காங்க!"

"இல்ல, நான் சொல்ல வந்தது..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்!"

அவர் பேச்சைக் கேட்க நான் எப்போது நின்றிருக்கிறேன்? மைதானத்தைப் பார்த்து ஓடினேன்.

பெண்கள் கோட்டோரம் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சட்டென்று வயிற்றோடு மடங்கிக் குனிந்தாள். அவள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். இன்னொருத்தி துப்பினாள். என் மகள் நெற்றியைத் துடைத்தாள், வியர்வையா, காய்ச்சலா? சொன்னால் மானம் கப்பலேறும். இறுதி ஆட்டம் நிற்கும். அம்மாக்கள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். சொல்லாமல் இருந்து ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதற்கு மேல் யோசிக்கவே பயமாக இருந்தது. கோச்சிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

கோச் விசில் ஊதினாள். பெண்கள் கூடினார்கள்.

"யாருக்காவது வயித்த வலிக்குதா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா? மறைக்காம சொல்லுங்க."

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கடைசியில் எல்லோரும் என் மகளைப் பார்த்தார்கள். அவள்தான் கேப்டன்.

"அம்மா, திட்டாத. நாங்க யாருமே அதைச் சாப்பிடல."

"என்னடி சொல்ற?"

"வாராவாரம் அதே கோழி, அதே ரொட்டி. யாருக்கும் இறங்கல. வாசல் கடையில பன் வாங்கித் தின்னோம்."

"எல்லாருமா? காசு?"

"அப்பாதான் குடுப்பாரு. சீசன் ஆரம்பிச்சதிலேர்ந்து."

உயிர் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. நான் சிக்கனம் பிடித்த காசெல்லாம் அதே கடைக்காரன் பெட்டிக்கே போயிருக்கிறது! வரட்டும் அந்த மனுஷன், இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று திரும்பினேன்.

அப்போதுதான் காலிப் பெட்டி ஞாபகம் வந்தது.

"அப்போ ரொட்டியெல்லாம் எங்கடி?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா முடிஞ்ச மட்டும் சாப்பிடுவாரு. மிச்சத்தைத்தான் குப்பையில போடுவோம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

கோபம் இருந்த இடம் தெரியவில்லை. கார் நின்ற இடத்துக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. முன் இருக்கையில் கால்களை வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. காலடியில் வாந்தி.

"எத்தனைங்க தின்னீங்க?"

"அஞ்சாறு இருக்கும்."

"ஏங்க? ஏன்?"

"விடியறதுக்குள்ள எழுந்திரிச்சு செய்யற. அப்படியே கொட்ட மனசு வரல."

நான் அழுதுவிட்டேன். அவரை உள்ளே தள்ளி உட்கார வைத்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டுகிற பக்கம் ஏறினேன். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்பதுகூட மறந்துபோயிற்று.

"நீ பயப்படாத," என்றார், கண்ணை மூடிக்கொண்டே. "நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு எலுமிச்சை மட்டும் கொஞ்சம் தூக்கலா போட்டுட்ட."