நாகலெட்சுமி நடந்த காடு

நாகலெட்சுமியைப் பயமுறுத்தத் தனியாக ஓர் ஆள் தேவையில்லை. அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், கங்காணி தொண்டையைச் செருமினாலும் பயம். “இவ தன் நெழலப் பாத்தே ஒதுங்கி நடப்பா” என்று அவள் புருஷன் மூக்கன் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். ஊர் வாயை மூட உலை மூடியா இருக்கிறது? அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

நாலு நாளாக விடாத மழை. லயத்துச் சனங்களையெல்லாம் முந்தின நாள் சாயங்காலம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்ததும் மூக்கனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “மாடு பட்டினி கெடக்கு. புல்லப் போட்டுட்டு வந்துர்றேன்” என்று கிளம்பிவிட்டான். லயம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில் இருந்தது. பள்ளிக்கூட ஜன்னலில் நின்றால் அதன் தகரக் கூரை தெரியும். சுற்றிக்கொண்டு நடந்து போக முக்கால் மணி நேரம்.

அவன் போன பிறகுதான் தனுஜா வந்தாள். முகாம்களில் இருப்பவர்களுக்கு மனத்தைரியம் சொல்ல நுவரெலியாவிலிருந்து அனுப்பப்பட்ட பெண். பொம்பளைகளை ஒரு வகுப்பறையில் உட்காரவைத்து, ஒரு விளையாட்டு என்றாள்.

“கண்ண மூடிக்கிங்க. நீங்க ஒரு காட்டுக்குள்ள நடந்து போறீங்க. நான் கேக்கக் கேக்க, தெரியிறதச் சொல்லுங்க. அத வச்சே உங்க கொணத்த நான் சொல்லிருவேன்.”

முதலில் கண்ணை மூடிய ஜெயந்தினியின் காட்டில் தாமரைக்குளம் இருந்தது, மான் வந்து தண்ணீர் குடித்தது. அவளுக்கு வெள்ளை மனசு என்றாள் தனுஜா. ஜெயந்தினிக்கு வாயெல்லாம் பல். கடைசி வாங்கில் ஒளிந்து உட்கார்ந்திருந்த நாகலெட்சுமியைத் தனுஜா அடுத்துக் கூப்பிட்டாள்.

நாகலெட்சுமி கண்ணை மூடினாள். காடு வரவில்லை. பிறந்ததிலிருந்து அவள் நடந்தது ஒரே பாதை, மலையிலிருந்து லயத்துக்கு. அதில்தான் நடந்தாள்.

“பாதையில தண்ணி இருக்கா அக்கா?”

“ஊத்துத் தண்ணி விழுற பீலி இருக்கு மிஸ். கலங்கிப்போய்ச் செவப்பா ஊத்துது. மண்ணும் வருது.”

“தண்ணிங்கிறது உங்க மனசு. மனசு கலங்கியிருக்கு. மரம் எப்படி இருக்கு?”

“பெரிய டர்பன்டைன் மரம். முன்ன நேராத்தான் நிக்கும். இப்ப லயத்துப் பக்கமாச் சாஞ்சிருக்கு.”

“நீங்க ஒருத்தர நம்பிச் சாஞ்சிருக்கீங்க. சரி, ஒரு வீடு வருது. கதவு?”

“சாத்த வரல மிஸ். நெலையில இடிக்குது. வாசல்ல இஸ்தோப்புச் சிமெந்து வெடிச்சிருக்கு. வெரல் நொழையும்.”

“ஏதாச்சும் மிருகம் தெரியுதா?”

“மாடு. கயித்த அத்துக்கப் பாத்துக் கத்துது.”

தனுஜா கொப்பியில் எழுதிக்கொண்டே வந்து, நிமிர்ந்து புன்னகைத்தாள். “பயந்த சுபாவம். உள்ளுக்குள்ள ஏதோ பெரிய பயம் இருக்கு உங்களுக்கு.”

“இதச் சொல்ல நுவரெலியாவுல இருந்தா வரணும்?” என்றாள் ஜெயந்தினி. வகுப்பறையே சிரித்தது. நாகலெட்சுமிக்குக் காது சுட்டது.

“கண்ணத் தொறங்க அக்கா. எல்லாம் கற்பனைதானே.”

நாகலெட்சுமி கண்ணைத் திறந்தாள். கற்பனையா? அவள் எதையும் கற்பனை செய்யவில்லை. நேற்றுச் சாயங்காலம் வீட்டைப் பூட்ட முடியாமல் விட்டுவிட்டு வந்தபோது பார்த்ததைத்தான் சொல்லியிருந்தாள். பீலியை மழை கலக்கியது என்று நினைத்தாள், கதவு ஈரத்தில் ஊதியது என்று நினைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. இப்போது ஒருத்தி வரிசையாகக் கேட்டு வரிசையாகச் சொன்னதும்தான், போன வருஷம் மண்சரிவு பற்றிக் கோயிலடியில் கூட்டம் போட்ட அதிகாரி ஞாபகத்துக்கு வந்தார். மலை சரியுமுன் தெரியும் என்று அவர் சொன்னவை: கலங்கிய ஊற்று, சாய்ந்த மரம், சாத்தாத கதவு, வெடித்த தரை. மற்றவர்கள் பனிஸ் எப்போது தருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பயந்தாங்கொள்ளியான அவள் மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள்.

“மிஸ், அது காடு இல்ல” என்று எழுந்தாள். “அது எங்க லயம். அந்த மனுசன் அங்கதான் இருக்காரு.”

சிரிப்பு அப்படியே நின்றது. யாரோ மூக்கனுக்குப் போன் அடித்தார்கள். லயத்துக்குள் எப்போது டவர் கிடைத்தது, இன்றைக்குக் கிடைக்க? முக்கால் மணி நேரம் ஓடிப்போய்ச் சொல்லலாம், மலை அதுவரை பொறுக்குமா? ஜன்னலில் நின்று கத்தினார்கள். சத்தம் பள்ளத்தைத் தாண்டவில்லை.

நாகலெட்சுமி அடுத்த வகுப்பறைக்கு ஓடினாள். தப்படிக்கும் பொன்னையா, தன் துணிமணியை நனையவிட்டுத் தப்பை மட்டும் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“அண்ணே, தப்ப அடிங்க. அவரு வெளிய வரணும்.”

“பெரட்டு அடி அடிக்கவா?”

“வேலைக்குக் கூப்புட்டா அந்த மனுசன் திரும்பியும் பாக்க மாட்டாரு. சாவு அடி அடிங்க.”

பொன்னையா பின்வாங்கினார். சாவு அடி கேட்டால் தோட்டத்தில் யாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள், அது உண்மை. ஆனால் பிணம் இல்லாமல் அதை அடித்தால் அந்த அடியே ஒரு பிணத்தைக் கேட்கும் என்பார்கள். “வேணாம் தங்கச்சி. உசுரோட இருக்கவங்க யாரு பேருக்கு நான் அடிக்கிறது?”

“எம் புருஷன் பேருக்கே அடிங்க” என்றாள்.

தோல் ஈரத்தில் தொய்ந்து கிடந்தது, தட்டினால் அட்டைப்பெட்டி போலச் சத்தம். மிலாறு விறகு எரிந்த சமையல் அடுப்பிலிருந்து சோற்றுக் கிடாரத்தை நாகலெட்சுமியே இழுத்து இறக்கினாள். கை வெந்தது தெரியவில்லை. பொன்னையா தப்பை நெருப்பில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். அந்த ஐந்து நிமிடம் போல ஒரு நேரத்தை அவள் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

பிறகு அடி விழுந்தது. பள்ளம் முழுக்க அதிர்ந்தது.

தகரக் கூரைக்கு அடியிலிருந்து ஓர் உருவம் வெளியே வந்தது. காது கொடுத்து நின்றது. உள்ளே போனது. மறுபடி வந்தபோது பின்னால் மாடும் வந்தது. இரண்டும் பாதையில் இறங்கி, தேயிலைக்குள் மறைந்தன.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. சாக்கைக் கவிழ்த்தால் தேயிலைக் கொழுந்து கொட்டுமே, அப்படித்தான் மலை இறங்கியது. சத்தம் பின்னால்தான் வந்தது. தெறித்த சேறும் நீர்ப்புகையும் அடங்கியபோது லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. பாதையில் ஆளைக் காணோம். பொன்னையாவின் கை தானாக நின்றது.

“நிறுத்தாதீங்கண்ணே” என்றாள் நாகலெட்சுமி.

அவர் அழுதுகொண்டே அடித்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். பயம் போகவில்லை, பயத்தோடுதான் நின்றாள்.

அரை மணி நேரம் கழித்துப் பள்ளிக்கூடப் படியில், தலை முதல் கால் வரை சேறாக, மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி மூக்கன் ஏறி வந்தான். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு மனைவியிடம் வந்தான்.

“யாருடி செத்தது?”

“நீங்கதான்” என்று சொல்லி, வெந்த கையோடு அவன் நெஞ்சில் அடித்தாள், மறுபடியும் அடித்தாள். மூக்கன் சிரிக்கவில்லை.