ஆதரவு நூற்றுப் பன்னிரண்டு

படம் பார்த்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் ஸ்டூடியோவில் என் வேலை. வெளியிடுவதற்கு முன்னால் படத்தை ஏதாவது ஒரு வெளியூர்த் தியேட்டரில் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுக் காட்டுவார்கள். முடிந்ததும் வாசலில் ஆளுக்கொரு அட்டையும் துண்டுப் பென்சிலும் கொடுப்போம். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எங்கே வெட்டலாம். ஒருநாள் முழுக்க ஆரஞ்சுத் தோட்டத்தில் பெட்டி அடுக்கிவிட்டு வந்தவர் எழுதும் இரண்டு வரியில் ஒரு நடிகனின் பிழைப்பே போய்விடும். அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்.

முப்பத்தொன்றாம் வருஷம் ரேடியோ நிலையத்தில் நடக்கும் ஒரு கொலைப் படத்துக்கு அட்டைகள் நல்லபடியாக வரவேண்டும் என்று நானும் வெர்னாவும் கும்பிடாத சாமி இல்லை. வெர்னா எங்கள் உடைப் பிரிவில் தையல்காரி. என் சிநேகிதி. அவளுடைய ஆறு வயது மகள் டெல்லா அந்தப் படத்தில் ஒரே ஒரு காட்சியில் வருகிறாள். ரேடியோ அறிவிப்பாளரைச் சுட்டுவிட்டு ஒருவன் தலைமறைவாகிவிடுகிறான். போலீஸ் அவன் மகளைக் கூட்டிவந்து மைக் முன்னால் ஒரு சோப்புப் பெட்டிமேல் நிறுத்துகிறது. "அப்பா, வீட்டுக்கு வாப்பா" என்கிறாள் குழந்தை. ஒளிந்திருந்த அறையில் அதைக் கேட்டு அவன் உடைந்துபோய்ச் சரணடைகிறான். அவ்வளவுதான் டெல்லாவின் பங்கு.

வியாழக்கிழமை அந்தக் காட்சியை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை டெல்லாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொண்டை அடைப்பான். செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

வெர்னாவிடம் மகளின் போட்டோ இரண்டு இருந்தது. குரல் அந்தப் படத்தில் மட்டும்தான். படமோ வேண்டியதைவிட இருபது நிமிஷம் அதிக நீளம். அட்டைகளைப் பார்த்துவிட்டுக் குழந்தை காட்சியை வைப்பதா வெட்டுவதா என்று முடிவு செய்வதாகத் தயாரிப்பு மேற்பார்வையாளர் ஸ்ட்ரவுட் சொல்லியிருந்தார்.

"கார்டு நல்லா வந்தா வெட்டமாட்டாங்கல்லடி, ஹேசல்?" என்று வெர்னா தினமும் கேட்பாள்.

"எண்ணுறது யாரு? நான்தானே. மோசமா வந்த கார்டை எல்லாம் தின்னுடுறேன், போதுமா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்படிச் செய்யத்தான் நினைத்திருந்தேன்.

பொமோனா ஊரில் படத்தைப் போட்டார்கள். சிவப்பு டிராமில் நாங்கள் இருவரும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் பாதியில் ஜனங்கள் கண்ட கண்ட இடத்தில் சிரித்தார்கள். பிறகு டெல்லா சோப்புப் பெட்டிமேல் ஏறினாள்.

"அப்பா... வீட்டுக்கு... வாப்பா."

குரல் கரகரத்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் சின்னதாக ஒரு மூச்சு இழுத்தது. எடுத்த அன்று பத்தடி தள்ளி நின்ற எங்கள் காதில் அது விழவில்லை. பக்கத்தில் இருந்த மைக் அதைப் பிடித்து வைத்திருந்தது. தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் முன் வரிசையில் ஒரு தடியர் மூக்கைச் சிந்தினார். அதோடு தியேட்டரே அழுதது. நானும் தேம்பித் தேம்பி அழுதேன். வெர்னா கையை உருவிக்கொண்டாள். சந்தோஷத்தில்தான் என்று நினைத்துவிட்டேன், மடச்சி.

வாசலில் என்னிடம் ஒரு பென்சில் கேட்டாள்.

"பெத்தவளே ஓட்டுப் போடுறியா? கள்ள ஓட்டுடி இது!" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. சுவரில் வைத்து எழுதிப் பெட்டியில் போட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஒருத்தியே பேசிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். நூற்றிருபத்தொரு அட்டைகள். "ரேடியோ நிலையத்தில் இத்தனை துப்பாக்கி எதற்கு?" என்று ஒருவர். "துப்பறிகிறவர் வாயில் சுடச்சுட உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறாரா?" என்று இன்னொருவர். "கொலைகாரனின் மீசை இரண்டு தடவை இடம் மாறியது." படத்தைக் கிழி கிழி என்று கிழித்திருந்தார்கள். ஆனால் குழந்தையைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே வாய். "இந்தப் பொடிசுக்கு யார் நடிக்கக் கற்றுக்கொடுத்தது?" "அந்தக் கரகரப்பு! நெஞ்சைப் பிசைந்துவிட்டது." "குழந்தையை இன்னும் கொஞ்சம் பேச விட்டிருக்கலாம்." ஆதரவு நூற்றுப் பன்னிரண்டு. குழந்தையைப் பற்றி எதுவும் எழுதாதவை எட்டு. எதிர்ப்பு ஒன்று.

அட்டைகளில் பெயர் இருக்காது. அந்தக் கையெழுத்துக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை.

"குழந்தை வரும் இடத்தை எடுத்துவிடுங்கள். அவள் நடிக்கவில்லை. மூச்சு விட முடியாமல் நிற்கிறாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காது இல்லையா?"

ஒன்றை இதுவரை சொல்லாமல் மழுப்பிக்கொண்டு வந்தேன். அந்த வியாழக்கிழமை நான் அங்கே இருந்தேன். குழந்தைக்கு அந்த வாய்ப்பை வாங்கிக் கொடுத்ததே நான்தான். முதல் டேக்கில் டெல்லாவின் குரல் சுத்தமாகத்தான் இருந்தது. அழுகை போதவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். எட்டாவது டேக் முடிந்ததும் வெர்னா மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கொஞ்சம் சுடுதுடி. தொண்டை வேற கட்டிக்கிச்சு. சொல்லிடவா?"

"வாயை மூடிட்டு நில்லு. வெளிய இருபது அம்மாங்க பிள்ளைங்க தலையில சுருள் வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. நீ சொன்ன அடுத்த நிமிஷம் வேற ஒருத்தி அந்தப் பெட்டி மேல நிப்பா."

பிறகு டெல்லாவின் வாயில் ஒரு இருமல் மிட்டாயைத் திணித்து, "சித்திக்காக இன்னும் ஒரே ஒரு தடவைடா செல்லம்" என்றேன். சரி என்று தலையாட்டினாள். இன்னும் மூன்று டேக் எடுத்தார்கள்.

மேசை இழுப்பறையில் எழுதாத அட்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். "எடுத்துவிடுங்கள். எனக்கும் அன்று தெரியும்" என்று எழுதி அடுக்கில் சேர்த்தேன். தட்டச்சு இயந்திரத்தில் கணக்குத் தாளை மறுபடி மாட்டி, எதிர்ப்பு இரண்டு என்று அடித்துக்கொண்டுபோய் ஸ்ட்ரவுட்டிடம் கொடுத்தேன்.

"நூத்திப் பன்னெண்டா! பொமோனாக்காரன் எதுக்குமே அழமாட்டானே!" என்று துள்ளினார். "யாரும்மா இந்த ரெண்டு பேரு? பல்வலியோட வந்தவங்களா?"

"ஒண்ணு, குழந்தையோட அம்மா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இன்னொண்ணு?"

"நான்."

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. சாவு வீட்டுக்கும் வந்திருந்தார்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கும்மா. ஆனா நூத்திப் பன்னெண்டு பேரு. படத்துல உசுரோட இருக்கிறது அந்த ஒரு இடம்தான். அதை எடுத்துட்டு நான் எதைக் காட்டுவேன்?"

உயிரோடு என்றார். அவருக்கே உறைத்திருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தையல் கூடத்துக்குப் போனேன். வெர்னா ஒரு போலீஸ் சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வெட்டலல்ல?"

"இல்லடி."

"ஊர் ஊரா ஓட்டுவாங்க."

"ஆமா."

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவ அப்படியே மூச்சு வாங்கிட்டு நிப்பா. இவனுங்க கர்ச்சீப் எடுப்பானுங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வேணாம்னு எத்தனை பேரு எழுதியிருந்தாங்க?"

"ரெண்டு."

"இன்னொண்ணு யாரு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துகொண்டாள். திட்டியிருக்கலாம். ஊசியால் குத்தியிருந்தால்கூட நின்றிருப்பேன்.

"நீயும் நானும்தானா?" என்றாள். "அன்னைக்கும் நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்."

அடுத்த பித்தானை எடுத்துச் சட்டையில் வைத்தாள்.