அனுப்ராஸ் என் தேன்பெட்டியைத் தட்டினான்

அன்னைக்கு தலைநகர் வில்னியுஸ் ஆஸ்பத்திரியில அண்ணன் ஜெரோனிமாஸுக்கு இருதய ஆபரேஷன். "இங்க வந்து நீ என்ன பண்ணப்போறே, வைக்கோலைப் பாரு"ன்னுட்டா அண்ணி. வைக்கோல் வாரப்போன ஆத்தங்கரையில போனுக்கு சிக்னல் கிடையாது. கைதான் வேலை செஞ்சுது, உசுரு ஆஸ்பத்திரியிலயே கிடந்துச்சு. முடியல, மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.

வாசல்ல டூரிஸ்ட் பஸ். டூரிஸ்டுங்க வந்து பார்க்கணும்னு எங்க ஊர் பழைய மரவீட்டுல ஒரு ஆணியைக்கூட மாத்த சர்க்கார் விடாது. என் கொட்டகைக்கு நான் தகரம் போட்டதை அதிகாரிகிட்ட போட்டுக்கொடுத்தவன் பக்கத்து வீட்டு அனுப்ராஸ். ரெண்டு வருஷமா அவன் மூஞ்சியில முழிக்கறதில்ல.

அந்தப் பய என் தோட்டத்துல நிக்கறான்! தொப்பியைக் கழட்டிட்டு, என் தேன்பெட்டியை மூணு தட்டு தட்டி, குனிஞ்சு சொல்றான்: "தேனீங்களா, உங்க எஜமான் செத்துட்டாரு. போயிடாதீங்க."

எஜமான் செத்தா தேனீகிட்ட உடனே சொல்லணும், இல்லேன்னா கூட்டை விட்டுப் போயிடும்னு எங்க ஊர்ல ஒரு நம்பிக்கை. ஆனா நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேனே!

"எனக்கா பாடை கட்டறே, நாயே!"

வைக்கோல் வாருற கட்டையால தோள்ல ஒண்ணு போட்டேன். அடுத்த அடியைத் தடுக்க வந்த அவன் மணிக்கட்டு மடக்குன்னு ஒடிஞ்சது. பஸ்காரங்க ஏதோ நாடகம்னு கைதட்டினாங்க.

"டேய் மொத்தேயுஸ், சொல்றதைக் கேளுடா..."

கேக்கற ஆளா நான்? கீழ தள்ளி, நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்து வாயிலயே குத்தினேன். பல்லு ரெண்டு வெளிய வந்துச்சு. கைதட்டல் நின்னுபோச்சு, ஒரு பொம்பளை அலறினா. நான் நிறுத்தல.

அவன் ரத்தத்தைத் துப்பினான். "நீ இல்லடா, மடையா! உங்கப்பன் பெட்டிக்கு எஜமான் யாருடா? மூத்தவன்தானே?"

கை அந்தரத்துலயே நின்னுடுச்சு. அண்ணன் ஊரை விட்டுப் போய் முப்பது வருஷம். பார்த்துக்கறவன் நான், அதனால எஜமானும் நான்தான்னு நினைச்சுட்டேன்.

"உன் போனுக்கு லைன் கிடைக்கல, உங்கண்ணி எனக்குப் போட்டா. ஆபரேஷன்லயே போயிட்டானாம். உன்னைத் தேடி என் பொண்டாட்டி ஆத்துக்கு ஓடியிருக்கா. தேனீயாவது தங்கட்டுமேன்னு நான் இங்க வந்தேன்."

ஆறு பெட்டியில ரெண்டுக்குத்தான் சொல்லியிருந்தான். ஒடிஞ்ச கையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கப் பார்த்தான்.

"நீ உட்காரு"ன்னு மூணாவது பெட்டிகிட்ட போனேன். ரத்தம் ஒட்டின விரலால தட்டினேன்.

"தேனீங்களா, எங்க அண்ணன்..."

அதுக்கு மேல எனக்கு வரல. உடைஞ்ச வாயால அனுப்ராஸ்தான் மிச்சத்தைச் சொல்லி முடிச்சான்.